கரண்ட்காரர் வேலையா, ஆயில்காரர் வேலையா?

ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் பொசிஷன் சென்சார் ஆயுள் முடிந்து தானாகச் செத்ததை ‘ஆயில் சார்’ அதிகம் பார்த்ததில்லை. கொல்லப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறார். வெல்டிங் கேபிள் கொன்றிருக்கிறது. மழைத்தண்ணீர் கொன்றிருக்கிறது. கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் நாலு ஸ்க்ரூ கொன்றிருக்கிறது. ஒருமுறை, சென்சாரைக் காப்பாற்றப் போன மனிதரையே சென்சார் கொல்லப் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்கு வந்தார். அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை, காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் அம்பத்தூர் அல்லது கிண்டி. ஹைட்ராலிக் சர்வீஸ் இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில் போட்டிருந்த பெயர். பட்டறைகளில் அவருக்குப் பெயர் ‘ஆயில் சார்’. மார்கழியில் தெருவே சபாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் 68ஆம் நம்பர் ஆயில் வாசனையோடு வீடு திரும்புவார். டி.டி.கே. ரோட்டில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்தச் சட்டையோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனது தனிக் கதை.

கிண்டி தொழிற்பேட்டை 1958லும் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964லும் தொடங்கியவை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே ஓடிய பிரஸ்களுக்குத் தங்கள் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மேலே ஒரு லிமிட் சுவிட்ச், கீழே ஒரு லிமிட் சுவிட்ச். மேலும் கீழும் போகும் ராம் வந்து இடித்தால் நிற்கும், அவ்வளவுதான். நடுவில் எங்காவது நிற்க வேண்டும் என்றால் ஆபரேட்டரின் கண்ணும் கையும்தான் அளவுகோல். அப்புறம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மிஷின்களில் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் வந்தது. சிலிண்டருக்கு வெளியே, பக்கவாட்டில், ஒரு மெல்லிய கம்பி உள்ளே போய் வெளியே வரும். உள்ளே ஒரு தடம், அதன்மேல் உரசும் ஒரு நுனி. உரசுவது எல்லாம் தேயும். தேய்ந்த இடத்தில் ரீடிங் குதிக்கும். பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறையில் ஒரே மாதிரி குறையோடு வாளி வந்தால், தடத்தில் ஒரே இடம் தேய்ந்திருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளில் இறக்குமதி எளிதானபோது வேறொரு சாமான் வந்து இறங்கியது. ஸ்டீல் குழாய் ஒன்று, அதன் தலையில் ஒரு டப்பா, கூடவே வளையம் போன்ற ஒரு காந்தம். எதுவும் எதையும் தொடுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. குழாய் சிலிண்டரின் பின்பக்க மூடி வழியாக உள்ளே போய், பிஸ்டன் ராடின் நடுவே துளைத்த ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். காந்த வளையத்தைப் பிஸ்டன் முகத்தில் பிடித்துவைப்பார்கள். பிஸ்டன் நகர்ந்தால் காந்தமும் குழாயைச் சுற்றியபடி நகரும்.

இது வேலை செய்யும் விதத்தை அவர் பட்டறைப் பையன்களுக்கு இடி மின்னலை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும்வரை எண்ணினால் மழை எவ்வளவு தூரம் என்று தெரியும் அல்லவா? குழாய்க்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பி ஓடுகிறது. தலையில் இருக்கும் மின்னணுப் பலகை அந்தக் கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பின் காந்தப்புலமும் வளையத்தின் காந்தப்புலமும் சந்திக்கும் இடத்தில் கம்பி துளி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு ஒலியலையாகக் கம்பி வழியே திரும்பி ஓடி வருகிறது, விநாடிக்குச் சுமார் 2,800 மீட்டர் வேகத்தில். அனுப்பிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் காந்தம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காந்தம் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் விநாடியில் கிட்டத்தட்ட மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம்.

காந்தம் பட்டால் இரும்பின் நீளம் இம்மியளவு மாறும் என்று ஜூல் 1842இலேயே கண்டார். மின்சாரம் ஓடும் கம்பி காந்தப்புலத்தில் முறுக்கிக்கொள்ளும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் வீடமன் 1858இல் கண்டார். அதை நீளம் அளக்கும் கருவியாக்கி அமெரிக்காவில் ஜேக்கப் டெல்லர்மன் காப்புரிமை பெற்றது 1975இல். அம்பத்தூருக்கு அது வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

வந்ததும் ஒரு தகராறு தொடங்கியது. ஃபிட்டர் சொல்வார்: “இது கரண்ட்காரர் வேலை சார். வயர் இருக்குது பாருங்க.” எலெக்ட்ரீஷியன் சொல்வார்: “சிலிண்டரைப் பிரிக்கிறது நான் இல்ல சார். அது ஆயில் பார்ட்டி வேலை.” இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் நடுவில் சென்சார் அநாதையாக மேஜைமேல் கிடக்கும். அதன்மேல் யாராவது டீ கிளாஸை வைப்பார்கள். அவர் பார்த்த சென்சார் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தொழில்நுட்பம் தெரியாதது அல்ல, பொறுப்பு யாருடையது என்று தெரியாததுதான் என்பது அவருடைய உறுதியான கட்சி.

ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய ராடுக்குள் நீளமாக, நேராகத் துளைப்பது எல்லா லேத் பட்டறையும் செய்யக்கூடிய வேலை அல்ல. அதற்கு கன்-டிரில் மிஷின் வேண்டும். சென்சார் குழாய் 10 மில்லிமீட்டர் என்றால் ஓட்டை குறைந்தது 13 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். டிரில் வழியில் கொஞ்சம் சாய்ந்தாலும், பிஸ்டன் போகப்போகக் குழாய் ஒரு பக்கம் உரசத் தொடங்கும். அகலத்தைவிட ஆழத்தில்தான் பெரிய வம்பு. சென்சாரின் நுனியில் சுமார் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு அளக்காத பகுதி ஒன்று உண்டு. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், அரை மீட்டர் என்றால் குழாய் அரை மீட்டரோடு முடியாது, அதைத் தாண்டி நீண்டிருக்கும். ஓட்டை அதற்கும் மேலே சற்று ஆழமாக இருக்க வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு பட்டறை. வரைபடத்தில் ஸ்ட்ரோக் 500 என்று போட்டிருந்தது. டிரில் போட்டவர் 500க்குக் கச்சிதமாகத் துளைத்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் சென்சார் பற்றி யாரும் பேசவே இல்லை. சிலிண்டரைப் பூட்டி, ஆயில் நிரப்பி, முதல் தடவை ராடை உள்ளே இழுத்தார்கள். முழுசாக உள்ளே போகும் நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் குழாயின் நுனி ஓட்டையின் அடியில் முட்டி, நடுவே வில்லாக வளைந்திருந்தது. பல டன் விசையோடு வரும் ராடின் முன்னால் விரல் தடிமன் குழாய் என்ன செய்யும்? ஜெர்மனியிலிருந்து அடுத்த சென்சார் வரும்வரை அந்த பிரஸ் சும்மா நின்றது.

ஸ்க்ரூ கதை இதைவிட வேடிக்கையானது. காந்த வளையத்தை இரும்புப் பிஸ்டன்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. காந்தம் இழுக்காத உலோகத்தில் குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு ஸ்பேசர் நடுவே வேண்டும். பிடிக்கும் ஸ்க்ரூவும் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோவாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் அது காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சிக்னல் பலவீனமாகும், அல்லது காந்தம் இருக்கும் இடம் தள்ளித் தெரியும். ஒரு இடத்தில் பித்தளை ஸ்க்ரூக்களைக் கழற்றி வீசிவிட்டு ஹை-டென்சில் ஆலன் போல்ட் போட்டிருந்தார் ஒரு மூத்த ஃபிட்டர்.

“பித்தளை நம்ப முடியாது சார். உள்ள லூஸாயி விழுந்துச்சுன்னா சிலிண்டர் பூரா கீறிடும்.”

ஃபிட்டருடைய பயம் நியாயமானது. அதனால் ஆயில் சார் அவரைத் திட்டவில்லை. லாக்டைட் போட்டுப் பூட்டினால் பித்தளை அசையாது என்று காட்டினார். கூடவே இன்னொரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார்: எஸ்.எஸ். என்று கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள், கையில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுகூட, குளிர்நிலையில் அடித்து உருட்டிச் செய்யும்போது லேசாகக் காந்தத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். அந்த ஃபிட்டர் அதன் பிறகு பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

காந்தத்துக்கு இன்னொரு கெட்ட குணம். ஆயிலில் மிதந்து வரும் இரும்புத் தூளையெல்லாம் அது தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். டிரில் போட்ட ஓட்டையில் பிசிறை (பர்) எடுக்காமல், ஒரு ஊது ஊதிவிட்டுப் பூட்டினால், சில மாதத்தில் வளையத்தைச் சுற்றித் தாடி முளைத்திருக்கும். அந்தத் தாடிதான் பிறகு சீலைத் தின்னும். பிரித்த சிலிண்டருக்குள் இப்படி ஒரு தாடியைப் பார்த்தால், உடனே புதிய சென்சார் வாங்கச் சொல்ல மாட்டார். முதலில் டேங்கைச் சுத்தம் செய்து ஃபில்டரை மாற்றச் சொல்வார்.

வெல்டிங் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு மிஷினில் பைப்பைத் தாங்க ஒரு பிராக்கெட் வைக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. வெல்டர் எர்த் கிளாம்பைக் கைக்கு எட்டிய இடத்தில், மிஷினின் மறுகோடியில் மாட்டுவார். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பிராக்கெட்டிலிருந்து அந்த மறுகோடிக்குப் போக வழி தேடும். பேரிங், சிலிண்டர், சென்சார் டப்பா, அதன் கேபிளின் உறை என்று எது கிடைத்தாலும் அது வழிதான். பிராக்கெட் அழகாக ஒட்டியிருக்கும், திரையில் ரீடிங் இருக்காது. வெல்டிங் தொடங்கும் முன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மூடி போட்டுவையுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இரண்டு வரி. இதைச் சிவப்பு பெயின்டில் எழுதி மிஷின்மேலேயே ஒட்டவைத்தார். அதற்குப் பிறகும் நடந்தது. வெல்டர் வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர், சிவப்பு எழுத்து அவர் நின்ற பக்கத்தில் இல்லை.

கேபிள் பிரச்சினை இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. ரீடிங் ‘ஆடும்’. ஒரு தொழிற்சாலையில் மேலே கிரேன் நகரும்போதெல்லாம் சிலிண்டர் நின்ற இடத்திலிருந்தே 3 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போவதாகத் திரை காட்டியது. சென்சார் மேல் பழி போட்டு இரண்டாவது சென்சாரும் வாங்கிவிட்டார்கள். அவர் போய் சென்சாரைத் தொடவே இல்லை. கேபிள் டிரேயைத் திறந்து பார்த்தார். சென்சார் கேபிளும் கிரேன் மோட்டாரின் 415 வோல்ட் கேபிளும் ஒரே டையில் கட்டப்பட்டு அண்ணன் தம்பியாகக் கிடந்தன. பிரித்துத் தனி வழியில் கொண்டுபோனார். கவசக் கம்பிவலை இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருந்ததை, அந்தச் சென்சாரின் கையேட்டில் சொன்னபடி பேனல் பக்கம் மட்டும் விட்டார். ஆட்டம் நின்றது. புதிய சென்சார் பெட்டியைப் பிரிக்காமலே ஸ்டோருக்குப் போனது.

2015 டிசம்பர். அடையாறு கரை மீறி கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கத் தொழிற்கூடங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது பவர் பேக் டேங்குகளில் ஆயிலுக்குப் பதில் காபி நிறத்தில் ஏதோ இருந்தது. சென்சார்கள் ஐ.பி. 67 ரகம், தண்ணீர் புகாது என்று முதலாளிகள் ஆறுதலாக இருந்தார்கள். அந்த 67க்கு ஒரு பொருள் உண்டு: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். அவ்வளவுதான் அதன் வாக்குறுதி. நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பது அதில் அடங்காது. அதுவும் கனெக்டர் முழுவதும் திருகப்பட்டு, ரப்பர் வளையம் இடத்தில் இருந்தால்தான். அவர் கழற்றிய கனெக்டர்களில் சில கையால் பாதி திருகியதோடு நின்றவை. முழுசாகத் திருகியவற்றில் சில பிழைத்துக்கொண்டன. அன்றிலிருந்து சிலிண்டரின் பின்பக்கம் மேலே பார்த்து நிற்கும் கனெக்டரைக் கண்டால் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றச் சொல்வார், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிப்போகட்டும் என்று. தலை டப்பாவுக்கு மேலே இரும்புத் தகட்டில் ஒரு மூடியும் வேண்டும். அந்த மூடியின் அடியில் ஒரு ஓட்டை விட்டால்தான் உள்ளே போன தண்ணீர் வெளியே வரும். மூடி போட்டு நாலு பக்கமும் அடைத்துவிட்டு, அது தொட்டியாகி, சென்சார் அதற்குள் குளித்த இடங்களும் உண்டு.

மனிதரைக் கொல்லப் பார்த்த கதைக்கு வருவோம். இந்தச் சென்சார்களில் பலவற்றுக்கு ஒரு வசதி உண்டு. சிலிண்டருக்குள் நிற்கும் வெளிக்குழாய்தான் ஆயில் அழுத்தத்தைத் தாங்குகிறது. கெட்டுப்போனால் தலை டப்பாவையும் உள்ளே இருக்கும் கம்பியையும் மட்டும் உருவிக்கொள்ளலாம். வெளிக்குழாய் அங்கேயே நிற்கும், ஒரு சொட்டு ஆயில்கூடச் சிந்தாது. அதற்குக் கழற்ற வேண்டியவை டப்பாவின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஆலன் ஸ்க்ரூக்கள். ஆனால் பார்வையில் முதலில் படுவது அதன் கீழே இருக்கும் பெரிய அறுகோண நட்டு. அது வெளிக்குழாயையே சிலிண்டரில் பூட்டியிருப்பது. அதைக் கழற்றினால் குழாயோடு சேர்ந்து ஆயிலும் வரும்.

ஒரு பழைய பிரஸ். மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. எலெக்ட்ரிக்கல் பையன், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, பெரிய ஸ்பேனரை எடுத்து அந்த நட்டில் மாட்டிவிட்டான். அரைச் சுற்று திரும்பியதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு ஓசை. தூரத்தில் நின்ற பிரஸ் ஆபரேட்டர், முப்பது வருட அனுபவக்காரர், ஒரே கத்து கத்தினார்: “தம்பி, கைய எடுறா!” பையன் பின்னால் குதித்தான். நட்டு இன்னும் சில மரையில் பிடித்துக்கொண்டிருந்ததால் குழாய் பறக்கவில்லை. ஆயில் ஒரு கோடாகச் சீறி எதிர்ச்சுவரில் அடித்தது. மோட்டார் நின்றுவிட்டால் அழுத்தமும் போய்விட்டது என்று அந்தப் பையன் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அக்யுமுலேட்டரில் நைட்ரஜன் அழுத்தத்தோடு ஆயில் காத்துக்கொண்டிருந்தது. மேலே ராமின் எடையும் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் ஸ்கூட்டர் டயரில் இருப்பது சுமார் 2 பார். இந்தச் சிலிண்டர்களில் 200, 300 பார் சர்வசாதாரணம். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் 100 பார் அளவிலேயே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். வலியில்லையே என்று வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வருபவர் விரலை இழப்பார், சில சமயம் கையையே. லீக் எங்கே என்று கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்குச் சுவரில் விழுந்த கோட்டைப் பார்த்த பிறகு அந்தப் பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சென்சார் வேலைக்கு முன் மோட்டார் ஸ்டார்ட்டரில் பூட்டு, அக்யுமுலேட்டரைத் திறந்து காலி செய்வது, ராமின் கீழே இரும்பு முட்டு, கேஜில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனர் என்ற வரிசையை அங்கே பழக்கமாக்கினார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் சென்சார் அவரை விடவில்லை, மெட்ரோ சுரங்கத்தோடு ஆழ்வார்பேட்டைக்கே வந்துவிட்டது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். அதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் நான்காவது வழித்தடம் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வழியாக நிலத்துக்கு அடியில் செல்கிறது. ‘ஃபிளமிங்கோ’ என்று பெயர் வைத்த சுரங்கம் தோண்டும் இயந்திரம் 2023 செப்டம்பரில் கலங்கரை விளக்கம் பக்கத்திலிருந்து போட் கிளப்பை நோக்கிப் புறப்பட்டது. ஆழ்வார்பேட்டையில் தடுப்புப் பலகைகளும் ஒருவழிப் பாதைகளும் முளைத்தன. ஆட்டோக்காரர்கள் மீட்டருக்கு மேலே கேட்க அது இன்னொரு காரணமானது.

அவர் இருக்கும் அடுக்ககத்தில் எல்லாரும் சுவர் விரிசலைப் பற்றிக் கவலைப்பட்டபோது, அவர் மட்டும் அந்த இயந்திரத்தின் தள்ளுசிலிண்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்னே சுழலும் வெட்டுத்தலை தானாக நகராது. பின்னால் வட்டமாக நிற்கும் சிலிண்டர்கள், ஏற்கெனவே பதித்த கான்கிரீட் வளையத்தில் காலை ஊன்றி, இயந்திரத்தை முன்னே தள்ளும். ஒரு வளையத்துக்கு இடம் கிடைத்ததும் சில சிலிண்டர்களை மட்டும் உள்ளே இழுத்து, அந்த இடைவெளியில் கான்கிரீட் துண்டைப் பொருத்தி, மறுபடி நீட்டி ஊன்றுவார்கள். மேல், கீழ், இடம், வலம் என்று குழுவாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு சிலிண்டரிலாவது பொசிஷன் சென்சார் வைப்பது வழக்கம். இடப்பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு என்று பார்த்துத்தான் இயந்திரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்கிடுவார்கள். அடுத்த வளையத்தை எந்த நிலையில் வைப்பது என்பதையும். லேசர் வழிகாட்டி தனியாக உண்டு என்றாலும் இந்த எண்கள் இல்லாமல் ஓட்டுநர் வளையம் கட்ட மாட்டார்.

அங்கே சென்சாருக்கு இருக்கும் எதிரிகள் எல்லாம் அவருக்குப் பழக்கமானவர்களே. சேறு, சிமென்ட் கரைசல், கழுவிவிடும் தண்ணீர் பைப், மிதித்து ஏறும் பூட்ஸ், எங்காவது நடக்கும் வெல்டிங். டன்கணக்கான கான்கிரீட் துண்டு கைநீளத் தூரத்தில் ஆடிக்கொண்டு வரும் இடத்தில் கேபிள் போகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட சிலிண்டர்களில் தலை டப்பாவைச் சிலிண்டரின் உடம்புக்குள்ளேயே புதைத்து, கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு வெளியே எடுக்கிறார்கள். அம்பத்தூரில் தகட்டு மூடிக்குக்கூடக் காசு செலவழிக்க யோசித்தவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போதும் பழைய பட்டறைகளிலிருந்து போன் வருகிறது. “சார், ரீடிங் வரல, சென்சார் போயிடுச்சு போல” என்றுதான் தொடங்குவார்கள். அவர் முதலில் கேட்பது சென்சாரின் மாடல் நம்பரை அல்ல: “நேத்து அங்க வெல்டிங் நடந்துதா?”

புதிதாகச் சிலிண்டர் செய்யக் கொடுப்பவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ராடை வெட்டுவதற்கு முன்பே சென்சாரின் வரைபடம் டிரில் போடுபவர் கையில் இருக்கட்டும். ஜாப் கார்டில் ‘சென்சாருக்குப் பொறுப்பு’ என்று ஒரு கட்டம் போட்டு, அதில் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ ஒரே ஒருவர் பெயரை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.